கறுப்பு வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பொட்டு

பிள்ளைகளா, போன வாரம் டிவியில் ஏதோ ஐரோப்பிய ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரர்களைக் காட்டி, "இது ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஜனங்கள் ஆரம்பித்த கிளப்" என்று நான் சொன்னதும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தீர்கள். "அப்பாவுக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாது, கிரீஸ் கிளப்போட ஹிஸ்டரி மட்டும் தெரியுதாம்" என்று பெரியவள் சிரித்தாள். சிரித்ததில் தப்பில்லை. எனக்கு அந்த விளையாட்டில் பந்து எது, ஆள் எது என்பதற்கு மேல் தெரியாது. ஆனால் அந்த ஒரு கிளப்பின் கதை, வேலை போய்விடுமோ என்கிற பயத்தோடு நான் தெரிந்துகொண்ட கதை. அதனால் மறக்கவில்லை.

தமிழில்தான் எழுதுகிறேன். வேறு எதிலும் எனக்கு நாலு வரி சேர்ந்தாற்போல எழுத வராது. எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். தெரியாத வார்த்தையை அம்மாவிடம் கேளுங்கள். படித்து முடித்துவிட்டு அவளைக் கேலி செய்யக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இதில் நீங்கள் இருவரும் கூட வருகிறீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஈரோட்டிலிருந்து புனே வந்தேன். துணி தெரியும், வேறொன்றும் தெரியாது. தளேகாவ் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனி. டி-ஷர்ட், பனியன் தைத்து பம்பாய் ஏஜெண்ட் மூலமாக வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே ஃபினிஷிங் பகுதிக்கு நான் சூபர்வைசர். தைத்து வரும் துணியில் தொங்குகிற நூலை வெட்ட வேண்டும், கறை பார்க்க வேண்டும், இஸ்திரி போட்டு மடித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். அதுதான் ஃபினிஷிங். எனக்குக் கீழே வேலை செய்தவர்கள் எல்லாரும் மராட்டிப் பெண்கள். முதலாளியை சாகேப் என்போம். தெற்கேயிருந்து போனவன் யாராக இருந்தாலும் அங்கே "அண்ணா" தான். என்னைவிட வயதில் மூத்த சாகேபும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். திட்டுகிறபோதும் அண்ணாதான்.

நான் சொல்லப்போவது இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் நடந்தது. கம்பெனி ஆட்டம் கண்டிருந்த நேரம். பாதி மெஷின்கள்மேல் துணி போட்டு மூடியிருந்தது. ஒருநாள் சாகேப் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே எனக்குப் பயம்.

"அண்ணா, கிரீஸிலிருந்து ஒரு சின்ன ஆர்டர் வருகிறது. இது பாஸானால் அடுத்தடுத்துக் கொடுப்பார்கள். ரிஜெக்ட் ஆனால் உன் ஃபினிஷிங் பந்த். வெளியே கொடுத்துச் செய்துகொள்வேன்" என்றார் இந்தியில். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உண்மை என்று தெரிந்தது.

பந்த் என்றால் இழுத்து மூடுவது, அது நமக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். புனேயில் எனக்கு வேறு வேலை கிடைக்கிற வழி இல்லை. பெரியவளுக்கு அந்த வருஷம்தான் புனேயில் நாம் குடியிருந்த ஔந்துப் பக்கம் நல்ல பள்ளிக்கூடத்தில் சீட் கிடைத்திருந்தது. அதற்காக நானும் உங்கள் அம்மாவும் ஏறி இறங்காத வாசல் இல்லை. வேலை போனால் வருஷத்தின் நடுவிலேயே உங்களைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டுக்கு ரயில் ஏற வேண்டும். அங்கே போய் யார் வீட்டில் இறங்குவது என்பதுகூட முடிவாகாத விஷயம். நான் அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது என் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன்.

மழைக்காலம் தொடங்கும் முன்னால், ஆர்டர் கொடுத்த கிரேக்கர் ஒருவர் சாம்பிள் பார்க்க நேரில் வந்தார். வியாபாரி இல்லை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். டிவியில் நான் காட்டிய அந்தக் கிளப்பின் பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்காக வந்திருந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. கையில் கறுப்பு மணி கோத்த ஒரு சரத்தை எப்போதும் உருட்டிக்கொண்டிருந்தார். ஜபம் செய்கிறார் என்று நினைத்து நான் பேசாமல் நின்றேன். அவர் சிரித்து, "நோ காட். நெர்வ்ஸ்" என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எனக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டது.

கிளப்புக்கு ஒரு விழா. பழைய ஆட்டக்காரர்கள் அந்தக் காலத்து மாதிரியிலேயே சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடப்பார்கள். இறந்துபோனவர்களுக்குப் பதில் அவர்கள் பிள்ளைகள் நடப்பார்கள். தடிமனான பருத்தித் துணி, காலர், மேலிருந்து கீழாகக் கறுப்பு வெள்ளைக் கோடு, நெஞ்சில் இரண்டு தலை கழுகு. கழுகைப் பார்த்து நான் கேட்டேன்: "சார், பேர்ட் ஸ்லீப்பிங்?" அது இறக்கையை விரிக்காமல் ஒடுக்கிக்கொண்டு நின்றது. கழுகு என்றால் விரித்துக்கொண்டுதானே நிற்கும்?

"நாட் ஸ்லீப்பிங்" என்றார். பிறகு கட்டிங் மேஜையின்மேல் இருந்த சாக்கட்டியை எடுத்தார்.

அந்த மேஜையில் அவர் கோடு போட்டுச் சொன்னதுதான் எனக்குத் தெரிந்த வரலாறு. என் இங்கிலீஷுக்கும் அவர் இங்கிலீஷுக்கும் நடுவில் விழுந்ததை விட்டுவிடுங்கள். வலது பக்கம் ஒரு பெரிய வட்டம் போட்டார். அது துருக்கியில் கடலோரத்தில் இருந்த பெரிய நகரம். அங்கே கிரேக்கர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்து, கோயில் கட்டி, பந்து விளையாடி வாழ்ந்தார்கள். துருக்கியோடு ஒரு போர் வந்தது, கிரேக்கம் தோற்றது. அந்த நகரத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஜனங்கள் எடுத்தது எடுத்தபடி கிளம்பினார்கள். இடது பக்கம் ஒரு சின்ன வட்டம். அது வடக்குக் கிரேக்கத்துத் துறைமுகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஒரு கப்பல் வரைந்தார். கப்பல் செருப்பு மாதிரி இருந்தது.

வந்து இறங்கியவர்களும் கிரேக்கர்கள்தான், அதே பாஷை, அதே சாமி. ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. துருக்கி விதை என்று திட்டினார்கள். கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் இருந்துகொண்டு அவர்கள் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். விட்டுவந்த ஊருக்குத் துக்கமாகக் கறுப்பு. இனிமேல் நல்லது நடக்கும் என்று வெள்ளை. கழுகு பறக்கவில்லை, துக்கத்தில் இறக்கையை மூடியிருக்கிறது. முதலில் இருந்த மைதானம் கைவிட்டுப் போயிற்று. அப்புறம் அகதிகள் குடியிருந்த மேட்டுப் பகுதியிலேயே ஜனங்கள் பணம் போட்டு வேறொன்று கட்டினார்கள். இன்னொரு போரில் ஆட்டக்காரர்கள் சிலர் போய்த் திரும்பவில்லை. அவர் வாலிபனாக இருந்தபோது கோப்பை வென்றார்கள். அதைச் சொல்லும்போது மணிச்சரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினார். எங்கள் பெண்கள் நூல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மேலே எதையோ வரையப் போனவர் டப்பாவிலிருந்து வேறொரு சாக்கட்டியை எடுத்தார். எடுத்த வேகத்தில் கீழே போட்டார். அது மஞ்சள் சாக்கட்டி.

"யெல்லோ, நோ!" என்றார். அதே ஊரில் இன்னொரு கிளப். பரம எதிரி. அவர்கள் நிறம் மஞ்சள். தன் வீட்டில் மஞ்சள் திரைச்சீலை கிடையாது, மனைவிக்கு மஞ்சள் உடுப்பு கிடையாது என்றார். யோசித்து, "லெமன் ஓகே. லெமன் நோ சாய்ஸ்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு அவரே திரும்ப வருவதாக ஒரு திங்கட்கிழமையைச் சொல்லிவிட்டுப் போனார்.

சட்டைகள் தைத்து முடிந்து என் மேஜைக்கு வந்த வாரம் பார்த்து, பண்டரிபுரத்துக்கு நடந்தே போகிற பால்கி என்ற பல்லக்கு ஊர்வலம் புனே வந்தது. எங்கள் பெண்களில் பாதிப் பேர் பால்கியோடு நடக்கப் போய்விட்டார்கள். வருஷா வருஷம் போகிறவர்கள், யாரும் தடுக்க முடியாது. நூல் வெட்ட ஆளில்லை. சாகேபிடம் கேட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பெரிய மூட்டையாகக் கட்டி லோக்கல் ரயிலில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்போது நாம் ஔந்தில், புது ஃபிளாட்டுகளுக்குப் பின்னால் இரண்டு ரூமில் குடியிருந்தோம். உங்கள் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். வயதானவர்கள் போட்டுக்கொள்ளப்போகிற சட்டை, கறுப்பு எதற்கு, வெள்ளை எதற்கு, எல்லாம். மஞ்சள் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது சிரிப்புக்கதை, அவசியம் என்று தோன்றவில்லை.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டைகள் இஸ்திரி போட்டதுபோல் மடித்து அடுக்கியிருந்தன. ஒரு நூல் இல்லை. சந்தோஷமாக ஒன்றை எடுத்துத் திருப்பினேன். உள்பக்கம், கீழ்மடிப்புக்குப் பக்கத்தில், வெள்ளைக் கோட்டின்மேல் ஒரு மஞ்சள் பொட்டு. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் பொட்டு. மூன்றாவதில் பொட்டு பெரிசாக, விரல் வழுக்கின மாதிரி நீண்டிருந்தது.

"என்ன புள்ள இது?"

"எதுங்க?"

"இந்த மஞ்ச!"

"பொட்டுங்க. புதுத்துணி இல்லீங்களா? அதும் கருப்பு வேற. வெறுந்துணியாக் கட்டி அனுப்ப மனசு வல்லீங்க. யாரோ வயசானவங்க போடறதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எத்தனையில வெச்சே?"

"எல்லாத்துலயுந்தான். ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம உடலாமுங்களா?"

சின்னவனே, நீ அப்போது கையைத் தூக்கிக் காட்டினாய். பத்து விரலும் மஞ்சள். "அப்பா, பெரிய பொட்டெல்லாம் நான் வெச்சது!" பெரியவள், "இவன் கந்தா, அசிங்கமா வெக்கறான்ப்பா, நான் நீட்டா வெச்சேன்" என்றாள்.

எனக்குக் கிரேக்கர் கீழே போட்ட சாக்கட்டி ஞாபகம் வந்தது. அம்மாவை என்ன சொல்லித் திட்டினேன் என்று எழுத மாட்டேன். அவள் உங்கள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு உள் ரூமுக்குப் போய்விட்டாள். நான் ஒரு சட்டையைக் குழாயடிக்கு எடுத்துப்போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை, சிவப்பாயிற்று. ஆரத்தித் தண்ணீர் மாதிரி ரத்தச் சிவப்பு. தண்ணீரை ஊற்றி ஊற்றி அலசியதில் மறுபடி மஞ்சளுக்கு வந்தது, போகவில்லை.

பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "சோப்புக்குப் போகாதுங்க. வெயில்ல போட்டா அதுவே போயிரும்."

"எங்க இருக்குது வெயிலு?"

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அது தொடங்கி எத்தனையோ நாளாயிற்று. மழைக்காலத்துப் புனே உங்களுக்குத் தெரியும். மழை பெரிசாகப் பெய்யாது, நிற்கவும் நிற்காது. போட்ட துணி காயாமல் நாறும். நாளைக்கு ஒரு நாள் இருந்தது. அதற்கு அடுத்த நாள் அவர் வருகிறார்.

ஞாயிறு காலையிலும் வானம் அப்படியே சாம்பலாக இருந்தது. நான் வாசலிலேயே உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் சந்துக்குக் காய் கொண்டுவருகிற பெண் வந்தாள், சித்தி என்பதுபோல் மாவ்ஷி என்று கூப்பிடுவோம். புனேக்குக் கிழக்கே கராடி பக்கத்து ஆள். அவள் புருஷன் மூன்று சக்கர டெம்போவில் காய் கொண்டுவந்து தெருமுனையில் நிறுத்துவான். அம்மா கத்தரிக்காய் வாடியிருக்கிறதே என்று கேட்டாள். மாவ்ஷி எரிந்து விழுந்தாள். "தும்ச்யாகடே பாவூஸ், ஆம்ச்யாகடே ஊன்!" உங்களுக்கு மழை, எங்களுக்கு வெயில். மேற்கே மலைப்பக்கம் கொட்டுகிற மழை தன் ஊர் வரைக்கும் வருவதில்லை, விதைத்ததெல்லாம் காய்கிறது என்று புலம்பினாள்.

அம்மா கத்தரிக்காயைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அங்கதான் வெயிலு இருக்குதாமுங்க."

காய் விற்று முடித்துத் திரும்புகிற டெம்போவில், மூட்டைகளின்மேல் நாம் நாலு பேரும் உட்கார்ந்து போனோம். ஆற்றுப் பாலம் தாண்டுகிறவரை தூறல். நான் பிளாஸ்டிக் தாளை மூட்டைமேல் இழுத்து இழுத்துப் பிடித்தேன். அதற்கப்புறம் ரோடு வறண்டிருந்தது. கராடியில் அப்போது இன்றைக்கு இருக்கிற கண்ணாடிக் கட்டடம் ஒன்றும் கிடையாது. பெரியவளே, நீ ஆபீஸ் பஸ்ஸில் போய் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கேயோ அந்த நிலம் இருந்திருக்க வேண்டும். கம்பங்காடும் கருவேல மரமும். வெயில் இருந்தது. முழு வெயில் இல்லை. மேகம் ஓட ஓட நடுவில் வந்து வந்து போகிற வெயில்.

மாவ்ஷி கயிறு கொடுத்தாள். மரத்துக்கு மரம் கட்டி, சட்டைகளை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டோம். கயிறு போதாமல் மிச்சத்தைச் செடிமேல் விரித்தோம். ஈரமாக இருந்தால்தான் சீக்கிரம் வெளுக்கும் என்று அம்மா சொம்புத் தண்ணீரோடு ஒவ்வொரு பொட்டாகத் தெளித்துக்கொண்டு போனாள். மேகம் மூடினால் எல்லோரும் நின்றுவிடுவோம். விலகினால் சின்னவன், "அப்பா, தூப் ஆகயீ! வெயிலு!" என்று கத்துவான். நிழல் விழுந்த சட்டையைத் தூக்கிக்கொண்டு வெயில் விழுந்த இடத்துக்கு ஓடுவோம்.

சைக்கிளில் போன ஒருவன் காலை ஊன்றி நின்று வெகுநேரம் பார்த்தான். "காய் அண்ணா, ஸீப்ரா வாளத் காத்லாய் கா?" வரிக்குதிரையைக் காயப் போட்டிருக்கிறாயா என்றான். மாவ்ஷி அவனை விரட்டிவிட்டு அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒரே ஒரு பொட்டைக் குறி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் அது மாறுகிற மாதிரியே தெரியாது. கண்ணை மூடித் திறந்தால் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கும். அது உண்மையா, என் ஆசையா என்று தெரியாது.

மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டோம். சட்டையில் மறுபடி மஞ்சள் படும், அன்றைக்கு எலுமிச்சை சாதம் கிளறக் கூடாது என்று அம்மா தானாகவே முடிவு செய்திருந்தாள். நான் கிரேக்கரின் எதிரிக் கிளப்பைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"இத நேத்தே சொல்லியிருந்தா வெச்சிருப்பனுங்களா?"

"சொல்லல. சிரிப்பாணிக் கதைன்னு விட்டுட்டேன்."

மறுபடி பிசைந்துகொண்டே, "அவங்க துக்கத்துக்குன்னு கருப்புப் போட்டுக்கறாங்க. அதும்மேல நாம மங்கலத்த வெச்சோமே, அது தப்புத்தானுங்களா?" என்று கேட்டாள். அவளுக்குக் கவலை இன்ஸ்பெக்‌ஷன் இல்லை, இதுதான். சின்னவன் தயிர்க் கையோடு சட்டையைத் தொடப் போனான். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்து மடித்தோம். வெள்ளை வெள்ளையாக இருந்தது. எனக்குத் தெரிந்தவரை எல்லாமே வெளுத்துவிட்டது. ஆனால் அந்த மங்கிய வெளிச்சத்தில் என் கண்ணை நானே நம்பவில்லை.

திங்கட்கிழமை தளேகாவில் நல்ல மழை. கிரேக்கர் கறுப்புக் குடையோடு வந்தார். டியூப்லைட்டுக்குக் கீழே மேஜையைப் போட்டு ஒவ்வொரு சட்டையாக விரித்தார். முன்பக்கம், பின்பக்கம், காலர், கழுகு, பிறகு உள்ளே திருப்பித் தையல். மணிச்சரம் மணிக்கட்டில் தொங்கி, அவர் கை அசையும்போதெல்லாம் டிக் டிக் என்றது. பாஸான சட்டைகள் அவருக்கு இடது பக்கம் உயர்ந்துகொண்டே போயின. சாகேப் நெற்றியைத் துடைத்தார். அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அடுக்கில் கொஞ்சமே மிச்சமிருந்தபோது அவர் கை நின்றது. ஒரு சட்டையை ஜன்னலுக்கு எடுத்துப்போனார். கீழ்மடிப்பு உள்ளே மடங்கிய இடத்தில், வெயில் படாமல் போன பெரிய பொட்டின் விளிம்பு. லேசான மஞ்சள்.

"வாட்?"

"ஆயில் சார். மெஷின் ஆயில்" என்றார் சாகேப் உடனே.

"ஆயில் நோ யெல்லோ." அவர் என்னைத்தான் பார்த்தார்.

நான் ஆயில் என்றே சொல்லியிருக்கலாம். சாகேபின் கண்ணும் அதைத்தான் கேட்டது. ஆனால் பொய்யை நிற்கவைக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் இல்லை. "மை வைஃப் சார். நியூ கிளாத். பிளாக் கிளாத். நோ குட். ஸோ லிட்டில் டர்மரிக். ஃபார் குட்" என்றேன். நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் செய்து காட்டினேன்.

"ஒன் ஷர்ட்?"

"ஆல் ஷர்ட்" என்றேன். "சன் ஃபினிஷ்ட்." வெயிலில் போய்விட்டது என்பதற்கு எனக்கு அவ்வளவுதான் வந்தது.

சாகேப் கண்ணை மூடிக்கொண்டார். கிரேக்கர் பாஸ் செய்து வைத்திருந்த அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். மணிச்சரம் கைக்குள் போயிற்று. வேகமாக உருண்டது. மழைச் சத்தமும் அந்தச் சத்தமும்தான். பிறகு கேட்டார், நான் நினைத்துப்பார்க்காத கேள்வியை.

"வாஷ். யெல்லோ கம் பேக்?"

துவைத்தால் மறுபடி வருமா? விழாவில் எல்லோர் முன்னாலும் வியர்வையிலோ மழையிலோ நனைந்தால்? வராது என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அப்போதுதான் சனிக்கிழமை குழாயடியில் பார்த்தது ஞாபகம் வந்தது. மஞ்சள் துளி மிச்சம் இருந்தாலும் சோப்புப் பட்டால் சிவக்கும். ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்புக்கட்டியும் கொண்டுவரச் சொன்னேன்.

முதலில் அந்தக் கறைச் சட்டையில் தேய்த்தேன். சிவந்தது. கிரேக்கர் குனிந்து பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். "ரெட்! ரெட் வொர்ஸ்!" என்றார். தலைநகரத்துத் துறைமுகத்தில் ஒரு பெரிய கிளப் இருக்கிறதாம், சிவப்புச் சட்டை. அவர்களை நினைத்தால் மஞ்சள்காரன் சொந்தத் தம்பி என்றார். எங்கள் பெண் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"நவ் யூ செலெக்ட்" என்றேன். அவர் அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். பொட்டு இருந்த இடத்தை நான்தான் காட்டினேன். சோப்பை வைத்துத் தேய்க்கும்போது அந்த வெள்ளைக் கோட்டில் ஈரோட்டு ரயில் எனக்குத் தெரிந்தது. நுரையை வழித்தேன். வெள்ளை. அவர் இன்னொன்றை எடுத்தார். வெள்ளை. அடியிலிருந்து ஒன்று. அதுவும் வெள்ளைதான். அதற்கப்புறமும் அவர் விடவில்லை. தானே சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டைத் தேய்த்துப் பார்த்தார்.

கடைசியில் கத்திரிக்கோலைக் கேட்டு வாங்கி, சிவந்த சட்டையைக் குறுக்கே வெட்டினார். ரிஜெக்ட் ஆனதை வெட்டிவிடுவது வழக்கம். மற்றதெல்லாம் பாஸ். அவர் கையெழுத்துப் போடும்போது சாகேபின் கை என் தோளில் இருந்தது. அது தாங்கிக்கொள்ளவா, தட்டிக்கொடுக்கவா என்று தெரியவில்லை.

போகும்போது கிரேக்கர் என்னைக் கூப்பிட்டார். அடுக்குக்கு முன்னால் நின்று "ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ" என்று மூன்று தடவை துப்புகிற மாதிரி செய்தார். எச்சில் விழவில்லை. "மை வைஃப்" என்றார். கண் படாமல் இருக்க அவர்கள் ஊரில் அப்படியாம். "சேம். பட் நோ கலர். டெல் யுவர் வைஃப்." நம் ஊரிலும் திருஷ்டி கழிக்கும்போது அதேதான் செய்வோம் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அம்மாவிடம் வந்து செய்து காட்டினபோது அவள் முதலில் நம்பவில்லை. அப்புறம், "அப்பத் தப்பில்லீங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அன்று சாயங்காலம், நனைந்த சட்டைகளை இஸ்திரியிலேயே உலர்த்தி, பெட்டிகளை ஒட்டி கம்பெனி டெம்போவில் ஏற்றி பம்பாய்க்கு அனுப்பிவிட்டு, நான் குடையில்லாமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். மழை வலுத்துவிட்டது. ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே வரிசையில் எங்கள் டெம்போ நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான். பின்னால் தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நான் சக்கரத்தின்மேல் காலை வைத்து ஏறி, கையை உள்ளே விட்டுப் பெட்டியைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. தார்ப்பாயை இழுத்து மூடி, கயிற்றைக் கொக்கியில் சுற்றி முடிச்சுப் போட்டேன். அதன்மேல் இன்னொரு முடிச்சு. ரயில் போய் கேட் திறந்தது. நான் கீழே குதித்து ஒதுங்கி நின்றேன்.